பதினேழு நாள்களின் பாடம்

2019 ஏப்ரல் 4-ஆம் தேதி, இலங்கையின் அரசு உளவுச் சேவைக்கு இந்தியாவிடமிருந்து ஓர் எச்சரிக்கை சென்றது. தேசிய தவ்ஹீத் ஜமாஅத் அமைப்பின் தலைவர் சஹ்ரான் ஹாஷிமும் அவருடைய கூட்டாளிகளும் தேவாலயங்கள் மீதும், கொழும்பிலுள்ள இந்தியத் தூதரகத்தின் மீதும் தற்கொலைத் தாக்குதல் நடத்தத் திட்டமிட்டுள்ளனர் என்பது அதன் சாரம்.

பதினேழு நாள்கள் கழித்து, ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு காலை, கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய ஊர்களில் மூன்று தேவாலயங்களிலும், கொழும்பில் மூன்று நட்சத்திர விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 260-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சுமார் 500 பேர் காயமுற்றனர். இறந்தோரில் 11 பேர் இந்தியர்.

பயங்கரவாத எதிர்ப்பு என்றதும் நம் மனத்தில் தோன்றுபவை ராணுவம், ரோந்துக் கப்பல், கண்காணிப்புக் கேமரா ஆகியவையே. ஈஸ்டர் தாக்குதலில் இவற்றில் எதுவும் குறைவாக இருந்ததாகச் சொல்ல முடியாது. உள்நாட்டுப் போரை முடித்துப் பத்தாண்டுகளே ஆகியிருந்த இலங்கையிடம் பெரும் படையும் அனுபவமிக்க உளவுத் துறையும் இருந்தன. தாக்குதல் நடத்துவோரின் பெயரும் இலக்கும் முன்கூட்டியே கைக்குக் கிடைத்திருந்தன. ஆயினும் பயன் விளையவில்லை.

திருவள்ளுவர் பொருட்பாலில் 'ஒற்றாடல்' என 59-ஆவது அதிகாரத்தையும், 'தூது' என 69-ஆவது அதிகாரத்தையும் வைத்தார். ஒற்றர் கொண்டுவந்த செய்தியின் பொருளை உணராத அரசனுக்கு வெற்றி இல்லை என்பது ஒற்றாடலில் அவர் தரும் எச்சரிக்கை. ஒற்று இன்றைய உளவுத் துறை; தூது இன்றைய ராஜதந்திரம். இவ்விரண்டும் தனித்தனித் துறைகள் என்று கருதுவதே நம் காலத்தின் பெரும் பிழை. ஒரு நாடு திரட்டிய தகவலை இன்னொரு நாடு நம்பிச் செயல்பட வேண்டுமானால், இடையே நல்லுறவு என்னும் பாலம் வேண்டும். ராமநாதபுரம், ராமேசுவரம் கடற்கரைக்கு இந்த உண்மை மிக நெருக்கமானது.

எச்சரிக்கை எங்கே தேங்கியது?

ஏப்ரல் 4-இல் வந்த தகவல், ஏப்ரல் 9-இல்தான் இலங்கையின் காவல் துறைத் தலைவருக்கு எழுத்து மூலம் சென்றது. ஏப்ரல் 11-இல் முக்கியப் பிரமுகர்களின் பாதுகாப்புப் பிரிவுகளுக்கு அனுப்பப்பட்டது. தேவாலயங்களுக்கு எவரும் சொல்லவில்லை. 2018 அக்டோபரில் எழுந்த அரசியல் சாசன நெருக்கடிக்குப் பிறகு அதிபரும் பிரதமரும் எதிரெதிர்த் துருவங்களாக இருந்தனர். தேசியப் பாதுகாப்புக் குழுக் கூட்டங்களுக்குப் பிரதமர் அழைக்கப்படவே இல்லை.

2023 ஜனவரி 12-இல் இலங்கை உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, அந்த அலட்சியம் குடிமக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று தீர்ப்பளித்தது. முன்னாள் அதிபர் மைத்ரிபால சிறீசேனா தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. காவல், உளவு, பாதுகாப்புத் துறைகளின் முன்னாள் உயரதிகாரிகளும் இழப்பீட்டுக்குப் பொறுப்பாக்கப்பட்டனர். உளவுத் தகவலைப் பெற்றும் செயல்படாதிருப்பது நிர்வாகக் குறைபாடு என்ற நிலையிலிருந்து சட்டப்படியான பொறுப்பு என்ற நிலைக்கு உயர்ந்தது, தெற்காசியாவுக்கே முக்கியமான முன்னுதாரணம்.

தகவல் அனுப்பியவர் மீதான நம்பிக்கை எந்த நிலையில் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். தாக்குதலுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பு, 2018 அக்டோபரில், இந்திய உளவு அமைப்பு தம்மைக் கொல்லச் சதி செய்வதாக அதிபர் சிறீசேனா அமைச்சரவைக் கூட்டத்தில் கூறியதாகச் செய்தி வெளியானது. அதை மறுத்த அவர், பிரதமர் மோடியுடன் தொலைபேசியில் பேசி விளக்கமும் அளித்தார். மறுப்பு வந்தாலும், அப்படியொரு செய்தி உலவக்கூடிய சூழல் நிலவியது என்பதே கவலைக்குரியது. ஐயத்துடன் பார்க்கப்படும் நாட்டிடமிருந்து வரும் எச்சரிக்கை, ஐயத்துடனேயே வாசிக்கப்படும்.

இன்னொரு குறையும் உண்டு. 2018 நவம்பர் இறுதியில் மட்டக்களப்பை அடுத்த வவுணதீவில் இரண்டு காவலர்கள் கொல்லப்பட்டனர். பழைய பழக்கத்தின்படி சந்தேகம் முன்னாள் விடுதலைப் புலிகள் மீது விழுந்தது. அதைச் செய்தது சஹ்ரானின் குழு என்பது ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின்னரே தெரியவந்தது. நேற்றைய பகைவனைத் தேடிக்கொண்டிருந்தபோது இன்றைய பகைவன் தப்பினான்.

மக்கள் தந்த தகவலும் மதிக்கப்படவில்லை. காத்தான்குடி முஸ்லிம்கள் 2017-ஆம் ஆண்டிலேயே சஹ்ரானுக்கு எதிராகத் தெருவில் இறங்கிப் போராடினர். தாக்குதலுக்குப் பிறகு, ஏப்ரல் 26-இல் சாய்ந்தமருதில் பதுங்கியிருந்த கும்பலைக் காட்டிக் கொடுத்ததும் அவ்வூர் மக்களே. ஒரு சமூகத்தை ஒட்டுமொத்தமாகச் சந்தேகிக்கும் அரசு, அந்தச் சமூகம் தரக்கூடிய தகவலைத் தானே இழக்கிறது.

நம் கரைக்கு வந்த விலை

பொருளியலில் 'புறவிளைவு' என்பார்கள். ஓரிடத்தில் நடக்கும் செயலின் விலையை வேறோரிடத்தில் இருப்பவர் கொடுப்பது அது. 2018-இல் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் 23 லட்சம் பேர். 2019-இல் அது 19 லட்சமாகச் சரிந்தது. சுற்றுலா வருவாய் சுமார் 438 கோடி டாலரிலிருந்து சுமார் 360 கோடி டாலராகக் குறைந்தது. அடுத்து கரோனா, அதற்கு மேல் வரிக் குறைப்பு, உரத் தடை போன்ற கொள்கைத் தவறுகள். அந்நியச் செலாவணி வறண்டு, 2022-இல் இலங்கை கடனைத் திருப்பிச் செலுத்த முடியாத நிலையை அடைந்தது. ஈஸ்டர் தாக்குதல் அதற்கு ஒரே காரணம் இல்லை. ஆனால், முதல் அடி அதுவே.

2022 மார்ச் முதல், பசியால் விரட்டப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கும் அதையடுத்த மணல் திட்டுகளுக்கும் வந்து இறங்கின. மண்டபம் முகாமில் மீண்டும் கூட்டம் சேர்ந்தது. கொழும்பில் ஒரு கோப்பு மேசை மேலேயே கிடந்ததன் விலையில் ஒரு பகுதியை ராமநாதபுரம் மாவட்டமும் கொடுத்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கி.மீ. தொலைவுதான். அக்கரையின் பாதுகாப்பு இக்கரையின் பாதுகாப்பும் ஆகும்.

காவலும் கண்களும்

இந்தக் கடற்பரப்பின் காவல் வரலாறு நீண்டது. இந்திய அமைதிப்படை திரும்பிய பிறகு, 1990 ஜூனில் கடற்படை 'ஆபரேஷன் தாஷா' என்ற கண்காணிப்பைப் பாக் நீரிணைப் பகுதியில் தொடங்கியது. அது நடந்துகொண்டிருக்கும்போதே, 1991 மே 1-இல் கொலைக்குழு ஒன்று கோடியக்கரையில் படகில் வந்து இறங்கியது. இருபது நாள்கள் கழித்து ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். 1994-இல் தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம் உருவாக்கப்பட்டது. 2009-இல் உச்சிப்புளியில் 'ஐஎன்எஸ் பருந்து' கடற்படை விமான தளம் அமைந்தது. மண்டபத்தில் கடலோரக் காவல் படை நிலையம் இயங்குகிறது.

2008 நவம்பர் 26-இல் மும்பையைத் தாக்கிய பத்துப் பேர், 'குபேர்' என்ற இந்திய மீன்பிடிப் படகைக் கைப்பற்றி வந்தவர்கள். கடல் வழித் தாக்குதல் குறித்து முன்பே எச்சரிக்கைகள் வந்திருந்ததை, மகாராஷ்டிர அரசு அமைத்த ராம் பிரதான் குழு சுட்டிக்காட்டியது. கரையேறியவர்களைப் பார்த்து 'நீங்கள் யார்?' என்று முதலில் கேட்டவர்கள் அப்பகுதி மீனவர்கள்தாம்.

அதன் பிறகே, 'மீனவர்கள் கடலோரப் பாதுகாப்பின் கண்களும் காதுகளும்' என்ற வாசகம் அரசின் கொள்கையில் இடம்பெற்றது. அடையாள அட்டை, படகுப் பதிவு, 'சாகர் கவச்' ஒத்திகை, 1093 என்ற கட்டணமில்லா எண் ஆகியவை வந்தன. மீன்பிடிப் படகுகளில் ஒரு லட்சம் தகவல் தொடர்புக் கருவிகளைப் பொருத்தும் திட்டம் 2024-இல் தொடங்கப்பட்டது. இவை அனைத்தும் தேவையே. ஆனால், அந்தக் கண்கள் கண்டதைச் சொல்வதற்குரிய சூழலை நாம் உருவாக்கியிருக்கிறோமா?

ராமேசுவரம் விசைப்படகு மீனவர் வாரத்தில் மூன்று நாள்கள் மட்டுமே கடலுக்குச் செல்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். சந்தேகத்துக்குரிய படகைக் கண்டதாக அவர் தகவல் தந்தால், விசாரணைக்கு அழைப்பு, வாக்குமூலம், சில வேளைகளில் நீதிமன்றச் சாட்சியம் என்று நாள்கள் கழியும். ஒரு நாள் போனால் அந்த வார வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போகும். தகவலின் பயன் நாடு முழுமைக்கும். செலவோ அவர் ஒருவருக்கு. பொதுநன்மைக்கான செலவைத் தனியொருவர் மீது சுமத்தினால் அந்த நன்மை குறைவாகவே கிடைக்கும் என்பது பொருளியலின் பாலபாடம்.

இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த எல்லைக்கோட்டை ஒட்டியும் தாண்டியும்தான் நம் விசைப்படகுகள் பெரும்பாலும் மீன் பிடிக்கின்றன. அங்கே ஒரு மர்மப் படகைக் கண்ட மீனவர், அதை எந்த இடத்தில் கண்டேன் என்று சொன்னால், தாம் எல்லை கடந்ததையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறார். தகவல் தருவதே அவருக்கு எதிரான வாக்குமூலமாகிவிடுகிறது. 2024-இல் மட்டும் 500-க்கும் மேற்பட்ட இந்திய மீனவர்களை இலங்கை கைது செய்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 1-இல் நெடுந்தீவு அருகே இலங்கைக் கடற்படைக் கலம் மோதியதில் ராமேசுவரம் மீனவர் ஒருவர் உயிரிழந்தார். இத்தகைய அச்சத்தில் வாழ்பவர், இருக்கும் இடத்தைக் காட்டும் கருவியை அணைத்து வைக்க நினைப்பதில் வியப்பென்ன?

அக்கரை நிலையும் இதுவே. வடக்கு இலங்கையின் தமிழ் மீனவர்கள் முப்பதாண்டுப் போருக்குப் பின்னர் கடலுக்குத் திரும்பியவர்கள். இழுவைமடியால் தங்கள் வலையும் வளமும் அழிவதைக் காண்கிறார்கள். இலங்கை 2017-இல் இழுவைமடி மீன்பிடிப்பைத் தடை செய்தது. ஒரே மொழி பேசும், ஒரே கடலை நம்பும் இரு சமூகங்கள், ஒன்றையொன்று பகைத்து நிற்கின்றன. பாக் நீரிணையில் யார் புதியவர், எந்தப் படகு அயலது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர்கள் இவ்விரு சாராருமே. மீன் தகராறு நீடிக்கும் வரை இவர்களின் அறிவு எந்த அரசுக்கும் முழுமையாகக் கிடைக்காது.

கடத்தல்காரன் போட்ட பாதை

பயங்கரவாதி புதிதாகப் பாதை போடுவதில்லை. கடத்தல்காரன் போட்டுவைத்த பாதையில் பயணம் செய்கிறான். 257 பேரைப் பலிகொண்ட 1993 மும்பை குண்டுவெடிப்புகளுக்கான வெடிபொருள், ராய்காட் மாவட்டத்தின் கடத்தல் துறைகளில்தான் இறக்கப்பட்டது. கோடியக்கரையிலும் கொலைக்குழுவுக்கு உதவியவர்கள் கடத்தலில் பழகியவர்கள் என்பதைப் புலன்விசாரணை வெளிப்படுத்தியது.

ராமநாதபுரம் மாவட்டத்தின் சுமார் 237 கி.மீ. கடற்கரையில் கடத்தல் பொருள்கள் மாறியுள்ளன, கடத்தல் ஓயவில்லை. அக்கரையிலிருந்து தங்கம் வருகிறது. இக்கரையிலிருந்து கடல் அட்டை, பீடி இலை, மஞ்சள், போதைப் பொருள்கள் செல்கின்றன. 2023 பிப்ரவரியில் மண்டபம் அருகே கடலில் வீசப்பட்ட 17 கிலோவுக்கும் அதிகமான தங்கத்தை, முக்குளிப்போரைக் கொண்டு வருவாய்ப் புலனாய்வுத் துறையும் கடலோரக் காவல் படையும் மீட்டன.

இந்தக் கடத்தலை உந்துவது விலை வேறுபாடு. 2022 ஜூலையில் தங்கத்தின் இறக்குமதி வரி 15 சதவீதமாக உயர்ந்தது. 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில் 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கடல் அட்டையை இந்தியா 2001-இல் தடை செய்தது. இலங்கையில் அது அனுமதி பெற்று நடக்கும் தொழில். அதாவது, நிதி அமைச்சகமும் வனத் துறையும் எடுக்கும் முடிவுகள் கடலோரப் பாதுகாப்பையும் தீர்மானிக்கின்றன. ஆனால், பாதுகாப்பு ஆலோசனைகளில் இக்கோணம் உரிய இடம் பெறுவதில்லை. இரு நாடுகளும் வரியையும் தடையையும் குறித்துக் கலந்து பேசினால், கடத்தல் பாதையின் லாபம் குறையும், பாதையும் தூர்ந்துபோகும்.

தூது செய்ய வல்லது

உலக அரங்கில் தூதின் வேகம் மெதுவானது. பயங்கரவாதத்துக்கு எதிரான விரிவான உடன்படிக்கையை ஐ.நா. சபையில் இந்தியா 1996-இல் முன்மொழிந்தது. பயங்கரவாதம் என்றால் என்ன என்ற வரையறையில் கருத்து வேறுபாடு தீராததால், அது இன்னும் நிறைவேறவில்லை. மசூத் அசாரை ஐ.நா. தடைப் பட்டியலில் சேர்க்க 2009-இல் தொடங்கிய முயற்சி, சீனாவின் முட்டுக்கட்டை நீங்கிய பிறகு 2019 மே 1-இல்தான் பலித்தது. மும்பைத் தாக்குதல் வழக்கில் தேடப்பட்ட தஹாவூர் ராணா, 2025 ஏப்ரலில்தான் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டார். இவை பொறுமையின் வெற்றிகள்.

அண்டை நாட்டு உறவில் இவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. இந்தியா, இலங்கை, மாலத்தீவு ஆகியவற்றின் பாதுகாப்பு ஆலோசகர்கள் 2011-இல் கடல் பாதுகாப்புக்காகக் கூடத் தொடங்கினர். 2014-க்குப் பிறகு அந்த முயற்சி முடங்கி, 2020 நவம்பரில்தான் மீண்டும் உயிர்பெற்றது. ஈஸ்டர் தாக்குதல் அந்த இடைவெளியில் நடந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இன்று 'கொழும்பு பாதுகாப்பு மாநாடு' என்ற பெயரில் அது வளர்ந்துள்ளது. மோரீஷஸும் வங்கதேசமும் இணைந்தன. 2024 ஆகஸ்ட் 30-இல் அதன் சாசனம் கொழும்பில் கையெழுத்தாகியது. 2025 ஏப்ரலில் இந்தியாவும் இலங்கையும் பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்பாடும் செய்துகொண்டன.

மாற்றம் தெரிகிறது. பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, 2025 மே 3-இல், சென்னையிலிருந்து சென்ற விமானத்தில் சந்தேக நபர் இருக்கக்கூடும் என்று சென்னை விமானக் கட்டுப்பாட்டு மையம் தெரிவித்தது. கொழும்பில் அந்த விமானம் உடனே சோதனையிடப்பட்டது. எதுவும் கிடைக்கவில்லை, இருந்தும் அது வெற்றிதான். 2019-இல் நாள்கணக்கில் தேங்கியது, 2025-இல் உடனுக்குடன் நடந்தது.

செய்ய வேண்டியவை

தகவலைப் பகிர்வதில் ஆபத்தும் உண்டு. கசிந்தால், தகவல் தந்தவரின் உயிருக்கே கேடு. சிறிய நாட்டுக்குப் பெரிய அண்டை நாட்டின் உளவு அமைப்பு மீது அச்சம் இருப்பதும் இயல்பு. எனவே, உறவு தனிநபர்களின் நட்பை நம்பி இராமல், நடைமுறையை நம்பி இருக்க வேண்டும். கொழும்பு பாதுகாப்பு மாநாட்டின் செயலகத்தில், ஒவ்வோர் எச்சரிக்கையும் எப்போது பெறப்பட்டது, யாரிடம் சென்றது, என்ன செய்யப்பட்டது என்று பதிவு செய்து, அனுப்பிய நாட்டுக்கு மறுமொழி தரும் முறை வேண்டும். அப்படியொரு பதிவேடு இருந்திருந்தால், 2019-இல் ஏப்ரல் 9-க்குள்ளாவது யாரேனும் கேள்வி கேட்டிருப்பார்கள்.

நம் கரையில், பாதுகாப்புத் தகவல் தரும் மீனவர் மீது எல்லை கடந்ததற்காக நடவடிக்கை இல்லை என்ற உறுதியை அரசு எழுத்து மூலம் தர வேண்டும். தகவல் பெறும் பிரிவு, அபராதம் விதிக்கும் பிரிவிலிருந்து தனித்து இயங்க வேண்டும். விசாரணையால் இழக்கும் தொழில் நாளுக்கு ஈட்டுத்தொகை வேண்டும். ஒரு ரோந்துக் கப்பலின் விலையோடு ஒப்பிட்டால் இதற்காகும் செலவு அற்பம்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை, மீன் தகராறுக்குத் தீர்வு. பாக் நீரிணை விசைப்படகுகளை ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற்ற 2017-இல் தொடங்கிய திட்டத்தின் இலக்கு 2,000 படகுகள். நிறைவேறியது அதில் சிறு பகுதியே. மானியத்துக்குப் பிறகும் மீனவர் ஏற்க வேண்டிய கடன் சுமை, ஆழ்கடல் தொழிலுக்கான பயிற்சியின்மை, பெரிய படகுகளை நிறுத்தத் துறைமுகமின்மை ஆகியவற்றைக் களைந்து அதைப் புதுப்பிக்க வேண்டும். அதுவரை, இரு கரை மீனவர் பிரதிநிதிகளின் நேரடிப் பேச்சுவார்த்தையைக் கைது நடவடிக்கைகள் குலைக்காமல் தொடர்ந்து நடத்த வேண்டும்.

மீன்வளத் துறையின் கோப்பாக மட்டும் இப்பிரச்னையை தில்லி பார்ப்பது போதாது. தேசியப் பாதுகாப்பின் கோப்பாகவும் பார்க்க வேண்டும். அடுத்த எச்சரிக்கை, கோவையின் ஒரு விசாரணை அறையிலிருந்து வரலாம். கச்சத்தீவுக்கு அப்பால் வலை வீசும் ஒரு மீனவரின் கண்ணிலிருந்தும் வரலாம். அச்சமின்றி அதைச் சொல்லும் வழி அவருக்கும், ஐயமின்றி அதை ஏற்கும் மனம் அரசுகளுக்கும் இருந்தால், பதினேழு நாள்கள் தேவைப்படாது. பதினேழு மணி நேரமே போதும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).